முள்ளு ஏன் பின்னாடி ஓடுது சயா? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் பிரிச்சு அடுக்கிப் பாத்தா பாதிக்கு மேல ஒரே வியாதி. ஒருத்தருக்கு கடிகாரம் ஓடல, ஒருத்தருக்கு சூரியன் திசை மாறிடுச்சு, இன்னொருத்தருக்கு மாண்டலே எங்கயோ ஆப்பிரிக்காப் பக்கம் போயிடுச்சு, நாடி பிடிச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் டிகிரி, ரேடியன்னு கோணத்த அளக்குற ரெண்டு அளவுக்கு நடுவுல வர்ற குழப்பம்தான். அதனால போன் சூடாவுறது, ஸாஜி-யூனிகோடு பர்மிய எழுத்துச் சண்டை இதெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வணக்கம் சயா (வாத்தியாரே), நான் ரங்கூன் தாம்வேல இருக்கேன், வீட்டுலயே பைத்தான் ப்ரோக்ராமிங் கத்துக்குறேன். சுவர்க்கடிகாரம் மாதிரி ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். செகண்ட் முள்ளு ஒரு செகண்டுக்கு 6 டிகிரி, அத சைனுக்கும் காஸுக்கும் குடுத்து முள்ளோட நுனி எங்க வரணும்னு கண்டுபிடிக்கிறேன். 0 செகண்ட்ல 12-க்கு நேரா ஒழுங்கா நிக்குது, அடுத்த செகண்ட்லருந்து பின்னாடி ஓடுது! ப்ளஸ் மைனஸ் மாத்திப் பாத்தா முன்னாடி ஓடுது, ஆனா தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சு. இதே பைத்தான்ல படம் வரையுற டர்ட்டில் வெச்சு ரைட் 90-ன்னு போட்டா கரெக்டா திரும்புது. பைத்தான்லயே பக் இருக்கா?

பதில்: பைத்தான்ல ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா நீ ரொம்ப நல்லா கவனிச்சு எழுதியிருக்க, 0-ல சரியா நிக்குது மத்ததுல தப்புதுன்னு சொன்ன பாரு, அதுலயே பாதி பதில் இருக்கு, ஏன்னா 0 டிகிரியும் 0 ரேடியனும் ஒண்ணு, அந்த ஒரு எடத்துல மட்டும் தப்பு தெரியவே தெரியாது.

டீக்கடைல டீ குடிக்கிறப்போ சாசர் ஒண்ணு எடுத்துக்கோ. நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் ஒரு நூல அளந்து வெட்டு. அதே நூல விளிம்பு மேலயே வளைச்சு படிய வை. நூலோட ரெண்டு முனையிலருந்தும் நடுவுக்கு கோடு போட்டா எவ்ளோ கோணம் வருதோ அதுதான் ஒரு ரேடியன், டிகிரில சொன்னா 57.3 சொச்சம். விளிம்பு முழுக்க சுத்தி வைக்க எத்தன நூல் வேணும்னா ஆறு நூல் வெச்சு முடிச்சதும் இன்னும் கொஞ்சம் எடம் மிச்சம் இருக்கும், அந்தக் கொஞ்சம் ஒரு நூல்ல 0.28 பங்கு. அதாவது முழு சுத்து 6.2832 ரேடியன், பள்ளிக்கூடத்துல 2 பைன்னு சொன்னாங்களே அதேதான்.

இப்ப உன் முள்ளுக்கு வருவோம். நீ 6-ன்னு குடுத்த, உன் மனசுல 6 டிகிரி. சைனுக்கு மனசெல்லாம் தெரியாது, அதுக்கு வந்தது வெறும் 6, அது 6 நூல்னு எடுத்துக்கிச்சு. 6 ரேடியன்னா 343.77 டிகிரி, முழு சுத்துக்கு 16.23 டிகிரி கம்மி. முள்ளு கிட்டத்தட்ட ஒரு முழு சுத்து முன்னாடி போயிட்டு வந்து நிக்குது, நமக்குப் பாக்க 16 டிகிரி பின்னாடி போன மாதிரி இருக்கு. ப்ளஸ் மைனஸ் மாத்தினப்போ இதே 16.23 டிகிரி முன்னாடி குதிச்சிருக்கும், 22 செகண்ட் சொச்சத்துல ஒரு ரவுண்டே முடிஞ்சிருக்கணும், எண்ணிப் பாத்தியா? மணி முள்ளு இன்னும் மோசம், ஒரு மணிக்கு 30-ன்னு குடுத்திருப்ப, 30 ரேடியன்னா நாலு சுத்து சுத்திட்டு 278.9 டிகிரில வந்து நிக்கும், பின்னாடி 81 டிகிரி போன கணக்கு.

திருத்துறது ஒரே வரி. குடுக்குறதுக்கு முன்னாடி மேத்.ரேடியன்ஸ்ங்கிற ஃபங்ஷன்ல போட்டு எடு, இல்லன்னா பையால பெருக்கி 180-ஆல வகு. 6 டிகிரி 0.1047 ஆயிடும், அத குடுத்தா முள்ளு ஒழுங்கா நடக்கும்.

டர்ட்டில் மட்டும் ஏன் ஒழுங்கா திரும்புதுன்னா அது சின்னப் பசங்களுக்காக வந்த லோகோ மொழியோட வாரிசு, அதுக்கு டிகிரிதான் பழக்கம். அதாவது ஒரே பைத்தான்குள்ள ஒரு வீட்டுல டிகிரி பக்கத்து வீட்டுல ரேடியன், நம்மதான் எந்த வீட்டுக்குள்ள நுழையுறோம்னு பாத்து நுழையணும். ஸ்கிராட்ச்லயும் சைனுக்கு டிகிரி. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், எக்செல், ஆர்டுயினோ எல்லாத்துலயும் சைனுக்கு ரேடியன். ஜாவால டு-ரேடியன்ஸ் இருக்கு, பிஎச்பில டெக்-டு-ராட் இருக்கு, ஜாவாஸ்கிரிப்ட்ல அதுவும் இல்ல, நம்மளே பை கீழ 180 போட்டுக்கணும். வெப்ல படம் வரையுறவங்களுக்கு இன்னொரு தொல்லை, கேன்வாஸ்ல ரொட்டேட்னா ரேடியன், எஸ்விஜில ரொட்டேட்னா டிகிரி, ரெண்டுக்கும் பேரு ஒண்ணு. இதுல எனக்குப் புடிச்சது வெப் பக்கத்துக்கு அலங்காரம் பண்ற சிஎஸ்எஸ்தான், அங்க 90-ன்னு மொட்டையா எழுதினா அது ஏத்துக்காது, பின்னாடி டெக், ராட்னு ஏதாவது ஒரு அளவ எழுதியே ஆகணும், வாயத் திறந்து அளவ சொல்ல வைக்குது பாருங்க, மத்த எல்லாரும் இப்படி பண்ணியிருந்தா இந்த மாசப் பக்கம் எனக்கு காலியா இருந்திருக்கும்.

கேள்வி: என் பொண்ணு கால்குலேட்டர்ல சைன் 30 போட்டா 0.454-ன்னு வருது. டிகிரினா 0.5 வரணும், ரேடியன்னா மைனஸ் 0.988 வரணும்னு டியூஷன்ல சொன்னாங்களாம். இது ரெண்டும் இல்லையே, கால்குலேட்டர் கெட்டுப் போச்சா?

பதில்: கெடலம்மா, தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்க்ரீன் மேல ஓரமா சின்னதா டி, ஆர், ஜி-ன்னு மூணு எழுத்துல ஏதாவது ஒண்ணு இருக்கும், உங்களுதுல ஜி இருக்கும் பாருங்க. அது கிரேடியன், முழு சுத்த 400 பங்காப் போட்ட கணக்கு, செங்கோணம் சரியா 100. அந்தக் கணக்குல 30-ன்னா நம்ம 27 டிகிரி, அதோட சைன் 0.454. மோட் பட்டன அமுக்கி டி-க்கு மாத்திக் குடுங்க, பரிட்சைக்குப் போறதுக்கு முன்னாடி சைன் 30 போட்டு 0.5 வருதான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.

கேள்வி: மோல்மேன்லருந்து எழுதுறேன் சயா. சர்வே வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். 360 டிகிரின்னு ஊர் உலகமே ஒத்துக்கிட்ட கணக்கு இருக்கறப்போ இந்த ப்ரோக்ராம் எழுதுறவங்க மட்டும் 57.3-ன்னு முழுசாக் கூட வராத ஒரு அளவக் கட்டிக்கிட்டு அழறது ஏன்? யார் கொண்டு வந்த வம்பு இது?

பதில்: ஐயா, நியாயமான கோவம். கோணம் அளக்குற தியோடலைட் புடிச்சு டிகிரி, மினிட்னு (ஒரு டிகிரில 60 மினிட்) படிச்ச கண்ணுக்கு இது வம்பாத்தான் தெரியும். ஆனா மெஷின் பக்கத்துலருந்து பாத்தா 360-தான் வம்பு. 360-ங்கிறது பாபிலோன்காரங்க காலத்துலருந்து வர்ற பழக்கம், எத்தனையோ எண்ணால மீதியில்லாம வகுக்கலாம், கைக்கு வசதி, ஆனா வட்டத்துக்குள்ள 360-ன்னு எங்கயும் எழுதி வெச்சு இல்ல. ஆரத்த எடுத்து விளிம்புல வெச்சுப் பாக்கறதுக்கு யாரோட சம்மதமும் வேண்டாம், வட்டமே தன்னத் தானே அளந்துக்குது.

இதுல என்ன லாபம்னா சின்னக் கோணத்துக்கு சைனும் கோணமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணா வரும். 1 டிகிரிங்கிறது 0.0174533 ரேடியன், அதோட சைன் 0.0174524. அதனாலதான் சைன ஒரு கூட்டல் கழித்தல் வரிசையா எழுத முடியுது. 30 டிகிரிக்கு எண் 0.5236, அதுலருந்து அதோட கனத்த 6-ஆல வகுத்துக் கழிங்க, அப்புறம் அஞ்சாவது அடுக்க 120-ஆல வகுத்துக் கூட்டுங்க, மூணே படில 0.5000 வந்து நிக்கும், பேப்பர் பேனா இருந்தா இப்பவே போட்டுப் பாருங்க. இதே வரிசைல 0.5236-க்கு பதிலா 30-ன்னு போட்டா இந்த மூணு படில லட்சக்கணக்குல போய் நிக்கும். சைன வகையிட்டா காஸ் வரும்னு காலேஜ்ல படிச்சது கூட ரேடியன்ல இருந்தாத்தான் உண்மை, டிகிரில எழுதினா ஒவ்வொரு தடவையும் பை கீழ 180-ன்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டே வரும்.

யாரு கொண்டு வந்தாங்கன்னு கேட்டீங்க. ரேடியன்ங்கிற பேரு அச்சுல மொத மொத வந்தது 1873-ல, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ்ல ஜேம்ஸ் தாம்சன் போட்ட பரிட்சை கேள்வித்தாள்ல, அவரு லார்ட் கெல்வினோட அண்ணன். ஆனா விஷயம் அதவிட ரொம்பப் பழசு ஐயா, ஆர்யபட்டர் கி.பி. 499-லயே சைன் அட்டவணை குடுத்துட்டாரு. கால் வட்டத்த 24 பங்காப் போட்டு, ஒவ்வொரு பங்குக்கும் எவ்ளோ ஏறுதுன்னு 225, 224, 222, 219-ன்னு ஏத்தத்த மட்டும் சொல்லிட்டே போவாரு. எல்லாத்தையும் கூட்டினா கடைசில 3438 வரும், அதுதான் அவரு எடுத்துக்கிட்ட ஆரம். அது ஏன் 3438? முழு வட்டத்துல 21,600 மினிட், அத 2 பையால வகுங்க, 3437.75. அதாவது ஒரு ரேடியன்ல எத்தன மினிட்டோ அத்தன. கோணத்தையும் ஆரத்தையும் ஒரே அளவுல வெச்சதாலதான் மொதப் பங்கு வில்லும் 225 மினிட், அதோட சைனும் 225-ன்னு வந்திருக்கு. அவரு அட்டவணைல எட்டாவது பங்கு வரைக்கும், அதாவது 30 டிகிரி வரைக்கும் கூட்டினா 1719, அதாவது 3438-ல சரி பாதி, அதுதான் நம்ம சைன் 30. உங்க டிகிரி மினிட்டும் இவங்க ரேடியனும் ஒரே பாய்ல உக்காந்திருந்த காலம் அது. அவரு அதுக்கு வெச்ச பேரு ஜ்யா, வில்லோட நாணு, அது அரபி போய் லத்தீன் போய் சைன்னு திரும்பி வந்திருக்கு.

கேள்வி: பெகுல இருக்கேன் அண்ணே. கரண்ட் கட் தாங்க முடியாம சோலார் போடப்போறோம். வெயில் எந்தப் பக்கம் எவ்ளோ உயரத்துல வரும்னு பாக்க ஒரு புக்ல இருந்த ஃபார்முலாவ எக்செல்ல போட்டேன், 23.45-ஐ சைனால பெருக்கணும், சைனுக்குள்ள 360 கீழ 365, அத 284 கூட்டல் நாள் நம்பரால பெருக்கணும். ஜூன் 21-க்கு நாள் நம்பர் 172 போட்டா மைனஸ் 11.36 வருது. சூரியன் அன்னிக்கு தெக்கயா இருக்கும்?

பதில்: இருக்காது தம்பி, ஜூன் 21-ல சூரியன் வடக்குல உச்சத்துல இருக்கணும், ப்ளஸ் 23.45 வரணும். அந்த புக்ல 360-ன்னு போட்டிருக்கறதே சைனுக்குள்ள டிகிரின்னு சொல்றதுதான். எக்செல் சைனுக்கு ரேடியன், அதனால உள்ள இருக்கறத முழுசா ரேடியன்ஸ்ங்கிற ஃபங்ஷனுக்குள்ள போட்டு மூடிடு, சரியா வரும். ரங்கூன் 16.8 டிகிரி வடக்கு, உங்க ஊரு அதவிட கொஞ்சம் மேல, அதனால ஜூன்ல நடுப்பகல்ல சூரியன் தலைக்கு மேல கூட இல்ல, ஆறு டிகிரி சொச்சம் வடக்க தாண்டியிருக்கும், நம்ம நிழல் தெக்க விழும். வெளில நின்னு பாத்துக்கோன்னு சொல்லலாம், ஆனா ஜூன்ல இங்க வெயில எங்க பாக்குறது, மழதான். டிசம்பர்ல பாரு, நடுப்பகல்ல 50 டிகிரி உயரம் கூட வராது, தெக்க சாஞ்சே போகும், பேனல தெக்கப் பாத்து 17 டிகிரி சாய்ச்சு வைன்னு சொல்றது அதுக்குத்தான்.

மைனஸ் வந்ததால உனக்கு சந்தேகம் வந்துச்சு, நீ குடுத்து வெச்சவன். எனக்கு அந்த பாக்கியம் இல்ல. சில வருஷம் முன்னாடி சிரியம் பக்கம் எங்க பெரியம்மா மகன் நெல்லு மூட்டை வைக்க ஒரு ஷெட் போட்டாரு, 24 அடி அகலம், நடுவுல முகடு, ரெண்டு பக்கமும் 25 டிகிரி சாய்வு. கைமரம் எவ்ளோ நீளம் வேணும்னு கேட்டாரு, நான்தான் வீட்டுக்கே கம்ப்யூட்டர்காரன் ஆச்சே, எக்செல்ல 12 அடிய காஸ் 25-ஆல வகுத்தேன், 12.11 அடின்னு வந்துச்சு, போன்லயே சொல்லிட்டேன். பாத்தா எவ்ளோ ஒழுங்கான எண்! 12-ஐ விட கொஞ்சம் ஜாஸ்தி, சாய்வா போறதுக்கு அவ்ளோதானே வேணும்னு மனசும் தலையாட்டுச்சு. உண்மையில 25 டிகிரிக்கு காஸ் 0.9063, நீளம் 13.24 அடி வரணும். 25 ரேடியன்னா நாலு முழு சுத்துக்கு கொஞ்சமே கம்மி, அதனால காஸ் 0.9912-ன்னு நல்ல புள்ள மாதிரி வந்து உக்காந்துக்குச்சு.

ரெண்டு மரம் அறுத்தாச்சு. அங்க வேல பாத்த லெத்தமா (தச்சர்) ஒரு வயசானவரு, அறுத்தத எடுத்து ஒரு முனைய சுவத்து மேல வெச்சு இன்னொரு முனைய முகட்டுப் பக்கம் தூக்கிப் பாத்தாரு, ஒரு அடிக்கு மேல அந்தரத்துல நிக்குது. அவரு ஒண்ணும் திட்டல, காதுல சொருகியிருந்த பென்சில எடுத்து, முகட்டுலருந்து சுவர் வரைக்கும் கயிறு கட்டி அந்தக் கயித்த அவுத்து மரத்து மேல போட்டு ஒரு கோடு கிழிச்சாரு, முடிஞ்சுது. அண்ணன் என்னப் பாத்தாரு, நான் போன பாத்தேன். அந்த ரெண்டு மரமும் இன்னிக்கும் அவரு வீட்டுத் திண்ணைல பெஞ்சு கால் ஆகி நிக்குது, ஒவ்வொரு தடவ போறப்பவும் அதுல என்னத்தான் உக்காரச் சொல்லுவாரு.

அதுலருந்து ஃபார்முலா எழுதி முடிச்சதும் பதில் தெரிஞ்ச ஒரு எண்ண மொதல்ல போட்டுப் பாக்குறது பழக்கமாயிடுச்சு. காஸ் 60 போட்டா 0.5 வரணும், மைனஸ் 0.952 வந்தா ரேடியன் ஏமாத்துது. 0 போட்டுப் பாக்காதீங்க, மேல கடிகாரத் தம்பிக்கு ஆன மாதிரி 0 எல்லாருக்கும் நல்லவனா நடிக்கும்.

கேள்வி: பார்சல் டெலிவரிக்கு ரெண்டு ஊருக்கு நடுவுல நேர் தூரம் பாக்க ஹாவர்சைன் ஃபார்முலா எழுதினேன். ரங்கூன் 16.8, 96.15. மாண்டலே 21.97, 96.08. பதில் 7,100 கிலோமீட்டர். எங்க தப்பு?

பதில்: நம்ம பர்மா வடக்கு தெக்கு முழுக்க அளந்தாலே சுமார் 2,000 கிலோமீட்டர்தான், 7,100-க்கு நீங்க பார்சல கப்பல்ல இல்ல அனுப்பணும். மேப்ல வர்ற எண்ணெல்லாம் டிகிரி, நாலையும் ரேடியனுக்கு மாத்திட்டு அப்புறம் கணக்கப் போடுங்க, 575 கிலோமீட்டர் கிட்ட வரும், ரோட்டுல இன்னும் கொஞ்சம் கூட. நிறைய பேர் வித்தியாசத்த மட்டும் மாத்திட்டு நடுவுல இருக்குற ரெண்டு காஸையும் அப்படியே விட்டுடுவாங்க. அதுல விசேஷம் என்னன்னா ரங்கூன்-மாண்டலே கிட்டத்தட்ட நேர் வடக்கு தெக்கா இருக்கறதால அந்தத் தப்பு வெளியவே தெரியாது, மேக்கால கடலோரம் இருக்குற அக்யாபுக்கு கணக்கு பாக்கறப்போதான் பல்ல இளிக்கும். அதனால டெஸ்டுக்கு கிழக்கு மேக்கா தள்ளி இருக்குற ரெண்டு ஊரையும் சேத்துக்கோங்க.

கேள்வி: ரேடியனுக்கு மாத்திட்டேன் சயா, ஆனா சைன் 180 டிகிரிக்கு 0 வராம ஏதோ குப்பை மாதிரி வருது.

பதில்: அது புள்ளிக்கு அப்புறம் 15 சைபர் போட்டு 12246-ன்னு ஆரம்பிக்குமே அதானே? தப்பு இல்ல. பை முடிவில்லாம போற எண், மெஷின் அத 16 எலக்கத்துக்குக் கிட்ட வெட்டிடுது, வெட்டின மிச்சம்தான் அங்க எட்டிப் பாக்குது. சைபரான்னு சமக்குறி போட்டுக் கேக்காதீங்க, சைபருக்கு ரொம்பக் கிட்ட இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: டிகிரி ரேடியன் குழப்பத்துல நாசா ஒரு விண்கலத்தையே தொலைச்சாங்களாமே?

பதில்: அது 1999-ல மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். அங்க குழப்பம் விசைய அளக்குற பவுண்டு கணக்குக்கும் நியூட்டன் கணக்குக்கும் நடுவுல. டிகிரி மேல பழி போடாதீங்க, அதுக்கு இருக்குற பழியே போதும்.

கேள்வி: ஒரு கேம் எழுதுறேன் அண்ணா, நான் பசுண்டவுங்ல இருக்குற ஸ்டூடண்ட். பீரங்கி எதிரியப் பாத்துத் திரும்பணும். எக்ஸ், ஒய் குடுத்தா கோணம் சொல்ற ஏடேன்-2 ஃபங்ஷன் போட்டேன், வர்றத டர்ட்டிலுக்கு குடுத்தேன், பீரங்கி அசையவே மாட்டேங்குது. சரி எங்கயோ ரேடியன் பிரச்சனைன்னு எல்லா எடத்துலயும் ரேடியன்ஸ் போட்டேன், இப்ப இன்னும் மோசம்.

பதில்: நீ எதிர் பக்கம் போயிட்டம்மா. ஏடேன்-2 திருப்பிக் குடுக்கறதே ரேடியன்தான், சரி மூலைல எதிரி இருந்தா 0.785-ன்னு குடுக்கும், அத டர்ட்டில் 0.785 டிகிரின்னு எடுத்துக்குது, முக்கா டிகிரி திரும்பினா யாரு கண்ணுக்குத் தெரியும். அதுக்கு மேல நீ இன்னொரு தடவ ரேடியனா மாத்தியிருக்க, 0.0137 ஆயிடும், பீரங்கி செத்த மாதிரி கெடக்கும். உனக்கு வேண்டியது டிகிரீஸ்ங்கிற ஃபங்ஷன், 0.785-ஐ 45 ஆக்கும். இல்லன்னா டர்ட்டில்லயே ரேடியன்ஸ்னு ஒரு கட்டளை இருக்கு, மொதல்ல அத ஒரு தடவ குடுத்துட்டா அதுக்கப்புறம் டர்ட்டிலும் ரேடியன்ல பேசும், ஆனா இது போட்டது மறந்துட்டு ரைட் 90-ன்னு எழுதினா பதினாலு சுத்துக்கு மேல சுத்தி தலைசுத்தி நிக்கும்.

ஆங்கிள்னு வெறுமனே பேரு வெச்சிருக்கல்ல, அத ஆங்கிள்_டெக், ஆங்கிள்_ராட்னு மாத்து, கோட படிக்கறப்போவே எது எங்க தப்பா நுழையுதுன்னு கண்ணுல குத்தும். அப்புறம் பைத்தான்ல ஏடேன்-2-க்கு மொதல்ல ஒய், அப்புறம் எக்ஸ். எக்செல்ல அதே பேருல இருக்குறதுக்கு மொதல்ல எக்ஸ். ரேடியன் சரி பண்ணதுக்கப்புறமும் பீரங்கி தப்பான பக்கம் திரும்புச்சுன்னா மொதல்ல அதப் பாரு, அதுக்கும் சரியாகலன்னா கோட அனுப்பி வை, ஸ்க்ரீன போட்டோ புடிச்சு அனுப்பாத, போன மாசம் ஒருத்தர் அனுப்பினதுல கோடுக்கு மேல டீ கிளாஸோட நிழல்தான் தெரிஞ்சுது.